பூஜ்யத்தில் நிற்காத முள்

பிப்ரவரி 4

அக்காவுக்கு,

எட்டு மாதம் கழித்து எழுதுகிறேன். பயப்படாதே, பால் பவுடர் பற்றி அல்ல. என் முகம் ஒட்டிய டப்பாவில் நாற்பது கிராம் குறைகிறது என்று நீ வழக்குப் போட்டதும், "தம்பியின் டப்பாவைத் தராசில் ஏற்றிய அக்கா" என்று பேப்பர்காரர்கள் எழுதியதும், நான் போனில் கத்தியதும் அப்படியே இருக்கட்டும். இத்தனை எடையளவு ஆய்வாளர்கள் இருக்க, அந்தக் கடைக்கு நீதான் போக வேண்டுமா என்ற கேள்வி மட்டும் என்னிடம் பாக்கி இருக்கிறது.

போன் செய்யாமல் எழுதக் காரணம், என் போன் பெரும்பாலும் கிளப்பின் விளம்பரப் பிரிவுப் பெண்ணிடம் இருக்கிறது. என் பெயரில் அவள்தான் வாழ்த்துச் சொல்கிறாள், ஜெயித்தால் சிரிக்கிறாள், தோற்றால் வருந்துகிறாள். என்னைவிட நன்றாக வருந்துகிறாள்.

விஷயம் இதுதான். போன மாதம் இருபத்தெட்டாம் தேதி ஆட்டத்தில் ஒரு கார்னர் பந்துக்கு எகிறினேன். எதிரணி கோல்கீப்பரின் முழங்கை காதுக்கு மேலே பட்டது. எழுந்தேன், ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினேன், ஆட்டம் தொடர்ந்தது. பத்து நிமிடம் கழித்துத் தலையால் முட்டி ஒரு கோல் போட்டேனாம். அடக்கத்தால் "போட்டேனாம்" என்று எழுதவில்லை. எனக்குத் தெரியாது. மறுநாள் காலை டிவியில் பார்த்தேன். "யார்டா இவன், நல்லா எகிறுறான்" என்று நினைத்தேன். அப்புறம்தான் அவன் முதுகில் ஒன்பதாம் நம்பரைப் பார்த்தேன்.

அன்றே கிளப் டாக்டர் வழக்கமான பரிசோதனை வைத்தார். பதினைந்து வார்த்தை வாசிப்பார். இருபது நிமிடம் வேறு எதையாவது பேசுவார். பிறகு அந்த வார்த்தைகளைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சீசன் தொடங்கும்போது, அடி எதுவும் படாத நிலையில், எத்தனை சொன்னோமோ அதுதான் நம்முடைய அளவு. அடிபட்ட பிறகு அதைவிடக் குறைந்தால் வீட்டில் உட்கார வேண்டும். என் அளவு எட்டு. இப்போதும் எட்டு சொன்னேன். டாக்டர் முதுகில் தட்டி அனுப்பிவிட்டார்.

அக்கா, அந்த முதல் எட்டு பொய். வேண்டுமென்றே எட்டோடு நிறுத்தினேன். இங்கே எல்லாரும் செய்வதுதான். எங்கள் தடுப்பாட்டக்காரன், "சுவர்" என்று கூப்பிடுவோம், அவன்தான் வழி சொன்னான். "ஆரம்பத்துலயே மக்கு மாதிரி நடிச்சிரு மச்சான். அப்புறம் நெஜமாவே மக்கானாலும் எவனுக்கும் தெரியாது."

இந்த முறை நான் நடிக்கவில்லை. ஞாபகம் இருந்த எல்லாவற்றையும் சொன்னேன். எட்டுதான் வந்தது.

போன மே மாதம் உன் சமையலறையில் என்னை உட்கார வைத்து வார்த்தை வாசிக்கச் சொன்னேனே, விளையாட்டு என்று. எவ்வளவு குறைத்தால் சந்தேகம் வராது என்று பார்க்க, முதலில் என் நிஜமான அளவு தெரிய வேண்டியிருந்தது. நீ வழக்கம்போல ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டாய். அந்த நோட்டு இருந்தால் கொளுத்திவிடு. ஏப்ரலில் புது ஒப்பந்தம். இன்னும் இரண்டு கோல் போட்டால் இந்தக் கிளப்பில் என்னைவிட அதிகம் போட்டவன் கிடையாது. யாருக்கும் தெரிய வேண்டாம். மாமாவுக்கும்தான்.

தம்பி

பிப்ரவரி 9

தம்பிக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்தேன். எதிரே ஒரு வியாபாரி, தன் தராசுக்கு முத்திரை வாங்க வந்தவர், "என்ன மேடம், வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்றார். "ஒண்ணுமில்ல, தராச இங்க வைங்க" என்றேன். அவருடைய தராசை மூன்று முறை சோதித்தேன். பாவம், மூன்று முறையும் சரியாகவே இருந்தது.

நோட்டு இருக்கிறது. மே 19. முதல் முறை பதின்மூன்று. இரண்டாம் முறை பதினான்கு. மூன்றாம் முறை பதின்மூன்று. விட்டுப்போனவை ஏணி, சோப்பு. நீ "போதும்க்கா, பசிக்குது" என்றதும் அதில் இருக்கிறது. கொளுத்த மாட்டேன். பதினெட்டு வருட வேலையில் ஒரு பதிவையும் கொளுத்தியதில்லை.

நீ செய்ததை நாங்கள் முள்ளைத் தள்ளிவைப்பது என்போம். தட்டு காலியாக இருக்கும்போது முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். வியாபாரி அதை ஐம்பது கிராம் தள்ளி நிற்க வைப்பான். அதற்குப் பிறகு அந்தத் தராசை அந்தத் தராசைக் கொண்டே சோதித்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் எந்த வியாபாரியும் தனக்குத் தானே எடை குறைத்துப் போட்டுக்கொள்ள இதைச் செய்து நான் பார்த்ததில்லை. எங்கள் துறைக்கு நீ புது வகை.

டாக்டரிடம் போ. எட்டு பொய், பதின்மூன்று நிஜம் என்று சொல். அவ்வளவுதான். பேட்டியில் "அணியின் வெற்றிதான் முக்கியம்" என்று சொல்வதைவிட இது சின்ன வாக்கியம்.

உன் மேல் கோபமில்லை. கோபமாக இருந்தால் இரண்டு வரிக்கு மேல் எழுத மாட்டேன், உனக்குத் தெரியும்.

கீழே பதினைந்து வார்த்தை. ஒரே ஒரு முறை படி. தாளை மடித்து வை. இருபது நிமிடம் கழித்து ஞாபகம் இருப்பதை எழுதி அனுப்பு.

குடை, ஆணி, பூனை, வாளி, மேகம், சாவி, பாலம், ஊசி, யானை, மெழுகுவர்த்தி, கதவு, உப்பு, சங்கிலி, நாற்காலி, கண்ணாடி.

அக்கா

பிப்ரவரி 15

அக்காவுக்கு,

குடை, ஆணி, பூனை, வாளி, மேகம், சாவி, பாலம், ஊசி, யானை, மெழுகுவர்த்தி, கதவு, உப்பு, சங்கிலி, நாற்காலி, கண்ணாடி. போதுமா? பதினைந்துக்குப் பதினைந்து. இனி நிம்மதியாக உன் வியாபாரிகளைத் துரத்து.

நேற்று இன்னொன்று போட்டேன், தலையால்தான். இனி ஒன்றே ஒன்று. மைதானத்தில் ரசிகர்கள் "சுத்தியல், சுத்தியல்" என்று கத்துகிறார்கள். வாசலில் பஞ்சுச் சுத்தியல் விற்கிறார்கள். அதைக்கொண்டு ஒருவர் தலையில் ஒருவர் அடித்துக்கொள்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் கோச் வந்து என் தலையைத் தட்டி, "இந்தத் தலைக்குத்தான்யா நாங்க சம்பளம் குடுக்கறோம்" என்றார். தட்டியது அடிபட்ட பக்கம். கொஞ்ச நேரம் எல்லாருக்கும் இரண்டிரண்டு முகம் இருந்தது. அப்புறம் சரியாகிவிட்டது.

உடை மாற்றும் அறைச் சுவரில் டாக்டர் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறார். முதல் அடி ஆறுவதற்குள் தலையில் இரண்டாவது அடி பட்டால் ஆள் எழுந்திருக்காமலே போகலாம் என்று பெரிய எழுத்தில். தினமும் எங்களில் யாராவது ஒருவருடைய துண்டு அதன் மேல் காய்கிறது. யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. துண்டு காய அதுதான் நல்ல இடமாம்.

டாக்டரிடம் சொல்ல மாட்டேன். சொன்னால் அன்றோடு என் கதை முடிந்தது. நீ அவருக்கு எழுதினாலும் நம் கதை முடிந்தது. பால் பவுடருக்கு எட்டு மாதம். இதற்கு எத்தனை என்று நானே சொல்ல முடியாது.

தம்பி

பிப்ரவரி 20

தம்பிக்கு,

நான் கடைக்குள் நுழைந்ததும் ஒரு கிராம் கூடப் பிசகாமல் எடை காட்டும் தராசைத்தான் இரண்டாம் முறை சோதிப்பேன். பதினைந்தும் வந்திருக்கிறது, அதுவும் நான் எழுதிய வரிசையிலேயே. அடி படாத தலையிலேயே உனக்குப் பதினான்குக்கு மேல் வந்ததில்லை. பார்த்துத்தான் எழுதியிருக்கிறாய். சின்ன வயதில் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போதும் முதுகுக்குப் பின்னால் புத்தகம் வைத்திருப்பாய்.

நீ சொன்ன பதினான்காம் தேதி ஆட்டத்தை மாமாவோடு உட்கார்ந்து நானும் பார்த்தேன். இடைவேளைக்குப் பிறகு நீ எதிரணி ஆட்களோடு போய் நின்றாய். வர்ணனையாளர் "குறும்புக்காரர்!" என்று சிரித்தார். மாமாவும் சிரித்தார். "பாரு, உன் தம்பி அவனுங்கள எப்படிக் கலாய்க்கறான்!" நான் உன் முகத்தைப் பார்த்தேன். கலாய்க்கிற முகம் இல்லை அது. தப்பான பஸ்ஸில் ஏறிவிட்ட ஆளின் முகம்.

டாக்டருக்கு நான் எழுத மாட்டேன். சத்தியமாக. ஒரு முறை உன் முகம் ஒட்டிய டப்பாவின் மேல் வழக்கு எழுதினேன். எட்டு மாதம் உன் குரலை டிவியில் மட்டும் கேட்டேன். அதுவும் யாரோ எழுதிக்கொடுத்ததைப் படிக்கும் குரல். மறுபடி அப்படி ஆகிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் இரண்டாவது அடி என்று நீ எழுதிய வரியை நினைத்தால் வேறு பயம் வருகிறது. எது பெரியது என்று எடை போட என்னிடம் கருவி இல்லை.

அதே பட்டியலை மறுபடி எடு. இந்த முறை பார்க்காமல் எழுது. எத்தனை வந்தாலும் திட்ட மாட்டேன்.

அக்கா

பிப்ரவரி 27

அக்காவுக்கு,

எட்டு மாதம் கழித்து எழுதுகிறேன். பயப்படாதே, பால் பவுடர் பற்றி அல்ல.

இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. போன மாதம் ஒரு ஆட்டத்தில் கோல்கீப்பர் என் மேல் மோதினான். அப்புறம் ஒரு கோல் போட்டேனாம், எனக்கு அது ஞாபகமே இல்லை. டாக்டர் வைத்த சோதனையில் எட்டு வந்தது. அந்த எட்டு, அக்கா, ஒரு பொய்யோடு ஒத்துப்போகிறது. நேரில் விளக்குகிறேன். உன்னிடம் மே மாதத்து நோட்டு ஒன்று இருக்கும். கொளுத்திவிடு.

இன்று பயிற்சி முடிந்து வந்து, என் வீட்டுப் படிக்கட்டில் நின்றேன். எத்தனையாவது மாடி என்று தெரியவில்லை. மேலே ஏறினேன், கீழே இறங்கினேன். காவலாளி, "என்ன சார், எக்சர்சைஸா?" என்றார். ஆமாம் என்றேன். என்னோடு ஒரு படம் எடுத்துக்கொண்டார். நானும் சிரித்தேன். அவர் தன் வீட்டுக்குப் போன் போட்டு, "நம்ம மூணாவது மாடி சுத்தியல் சார்தான்" என்றார். அப்படித்தான் எனக்கு மாடி தெரிந்தது.

மேஜையில் உன் கையெழுத்தில் ஒரு வார்த்தைப் பட்டியல் கிடக்கிறது. எதற்கு அனுப்பினாய்? பார்க்காமல் எழுதிப் பார்த்தேன். குடை, யானை, சாவி, பூனை, மேகம்.

தம்பி

மார்ச் 4

தம்பிக்கு,

உன் பிப்ரவரி 4 கடிதத்தின் நகலை இணைத்திருக்கிறேன். முதல் இரண்டு வரியைப் படி. பிறகு 27ஆம் தேதி எனக்கு என்ன எழுதினாய் என்று யோசி. யோசித்து வராவிட்டால் அதன் நகலும் உள்ளே இருக்கிறது.

ஐந்து வார்த்தை. உன் பொய்யை விடவும் மூன்று குறைவு.

போன் செய்தேன். நீ நலமாக இருப்பதாகவும் இறுதி ஆட்டத்துக்கு ஆவலோடு தயாராவதாகவும் குறுஞ்செய்தியில் பதில் வந்தது. கூடவே சின்னதாக ஒரு சுத்தியல் படம். நான் உன் அக்கா என்று எழுதினேன். "உங்கள் அன்புக்கு நன்றி" என்று வந்தது.

மாமாவிடம் சொல்லிவிட்டேன். டிவியில் ஏதோ ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து போய் அணைத்தார். கல்யாணமாகி இருபது வருடத்தில், ஆட்டம் முடிவதற்குள் அவர் டிவியை அணைத்து நான் பார்த்ததில்லை.

நோட்டைத் தனியாகப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். டாக்டருக்கு எழுத மாட்டேன் என்று சொன்னேன், எழுதவில்லை. நீ உன் கையால் கொடு. இறுதி ஆட்டம் 22ஆம் தேதி. அதற்குள் கொடு.

அக்கா

மார்ச் 11

அக்காவுக்கு,

முடிவு செய்துவிட்டேன். நகல்களைப் பார்த்தேன். என் கையெழுத்து; ஆனால் எழுதிய ஆளை எனக்குத் தெரியவில்லை.

8ஆம் தேதியிலிருந்து இறுதி ஆட்டத்துக்கான முகாமில் இருக்கிறோம். நேற்றுப் பயிற்சியில் பந்து உயரமாக வந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்துகொண்டேன். மூன்று வயதில் பந்தைத் தொட்டதிலிருந்து நான் குனிந்ததே இல்லை. சுவர் பக்கத்தில் வந்து, "என்ன மச்சான், உனக்குமா?" என்று மெதுவாகக் கேட்டான். அந்த "உம்"தான் என்னைத் தூங்கவிடவில்லை.

அந்த நோட்டை அனுப்பு. நானே டாக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். சீக்கிரம் அனுப்பு, அக்கா. எனக்குத் தைரியம் இருக்கும்போதே.

தம்பி

மார்ச் 14

தம்பிக்கு,

இதை நிதானமாகப் படி. நோட்டு உன்னிடம்தான் இருக்கிறது. மார்ச் 7ஆம் தேதி நீயே கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாய். ஒப்புகை அட்டை என் கையில் இருக்கிறது. ரசிகர்களுக்குப் போடும் அதே சுழித்த கையெழுத்து, பக்கத்தில் ஒன்பது என்று நம்பர் வேறு. தபால்காரர் கேட்டிருப்பார் போல.

உன் கடிதம் வருவதற்கு முன்பே, பேப்பரில் இடம் பார்த்து, 12ஆம் தேதி முகாமுக்கு நேரிலேயே வந்தேன். ரயிலில் பதின்மூன்று மணி நேரம். வாசல் காவலர், "சுத்தியலோட அக்காவா? அந்தப் பால் பவுடர் மேடம்தான நீங்க?" என்று நாற்காலி போட்டு உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். உள்ளே மட்டும் விடவில்லை. இறுதி ஆட்டம் முடியும்வரை குடும்பத்தினர் வந்தால் வீரர்களின் கவனம் சிதறுமாம். கவனத்தைப் பற்றி அவரிடம் நான் என்ன சொல்வது? வேலி வழியாக உன்னைத் தூரத்தில் பார்த்தேன். கையை ஆட்டினேன். நீயும் ஆட்டினாய், எல்லாருக்கும் ஆட்டுவது போல.

பையில் பார். ஷூ வைக்கும் பெட்டியில் பார். சின்ன வயதிலிருந்து நீ ஒளித்து வைப்பதெல்லாம் ஷூவுக்குள்தான்.

இந்தக் கடிதத்தை மடிக்காதே. கதவின் உள்பக்கம் ஒட்டு. கீழே பெரிதாக எழுதியிருக்கிறேன்.

நோட்டு உன்னிடம் இருக்கிறது. டாக்டரிடம் கொடு.

அக்கா

மார்ச் 19

அக்காவுக்கு,

ஷூ பெட்டியில்தான் இருந்தது. இடது ஷூவுக்குள் சுருட்டி வைத்திருந்தேன். நோட்டின் அட்டைக்குள் மூன்று துண்டுச் சீட்டு, மூன்றும் என் எழுத்து. "நாளை டாக்டரிடம் கொடுக்கவும்." 8ஆம் தேதி ஒன்று, 10ஆம் தேதி ஒன்று, 13ஆம் தேதி ஒன்று. மூன்று முறை முடிவெடுத்திருக்கிறேன், அக்கா. மூன்று முறையும் அதுதான் முதல் முறை என்று நினைத்திருக்கிறேன்.

இன்று நாளை என்று எழுதவில்லை. செருப்புக்கூடப் போடாமல் நேராகப் போனேன். டாக்டர் நோட்டைப் புரட்டினார். "பசிக்குதுன்னு சொன்னதக்கூட எழுதி வச்சிருக்காங்களே" என்று சிரிக்க ஆரம்பித்தார். மேலே இருந்த பதின்மூன்றைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. எழுந்து கதவைச் சாத்தினார். புதிதாகப் பதினைந்து வார்த்தை வாசித்தார். நான்கு சொன்னேன். அவர் தன் பதிவேட்டை எடுத்து, அதில் இருந்த எட்டைக் கோடு போட்டு அடித்தார். "இத நம்பி உங்கள மூணு ஆட்டத்துக்கு அனுப்பிட்டேனே" என்றார்.

ஆறு மாதம் பந்தைத் தொடக்கூடாது. ஞாபகம் திரும்புமா என்று கேட்டேன். "திரும்பலாம். எவ்வளவுன்னு சொல்ல முடியாது" என்றார். கோச்சைக் கூப்பிட்டார்கள். அவர் நோட்டை வாங்கி, எடையைப் பார்ப்பது போலக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இருபத்து மூணாம் தேதி குடுத்திருக்கலாமேப்பா" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. நாலு நாள்தான் கேட்டார்.

டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து உடனே எழுதுகிறேன், மறப்பதற்குள். கொடுத்துவிட்டேன். நானே கொடுத்தேன். ஒரு கோல் பாக்கி, பரவாயில்லை என்று இந்த நிமிடம் நிஜமாகவே தோன்றுகிறது. நாளை தோன்றாமல் போகலாம். நான் மறுபடி அந்த நோட்டைப் பற்றி ஏதாவது எழுதினால், இந்தக் கடிதத்தை எனக்குக் காட்டு.

தம்பி

மார்ச் 24

தம்பிக்கு,

உன் இரண்டு கடிதங்களும் இன்று ஒன்றாக வந்தன. 19ஆம் தேதி எழுதியதை முதலில் படித்தேன். மாமாவுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு 20ஆம் தேதிக் கடிதத்தைப் பிரித்தேன்.

"எட்டு மாதம் கழித்து எழுதுகிறேன். பயப்படாதே, பால் பவுடர் பற்றி அல்ல."

முழுக்கப் படித்தேன். நோட்டைக் கொளுத்திவிடு என்று கேட்டிருக்கிறாய். மாமாவுக்கு அதைப் படித்துக் காட்டவில்லை. அவராகவே கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

இறுதி ஆட்டத்தைப் பார்த்தோம். உன் கிளப் தோற்றது. ஒன்பதாம் நம்பர் சட்டையை வேறு யாரோ போட்டிருந்தான். மேலே கண்ணாடி அறையில் உன்னை உட்கார வைத்திருந்தார்கள். காலில் தசைப்பிடிப்பு என்று வர்ணனையாளர் சொன்னார். பந்து உயரமாக வந்தபோதெல்லாம் உன் கழுத்து நீண்டது. பக்கத்தில் சுவர் உட்கார்ந்திருந்தான், ஆடும் உடை இல்லாமல். அவனும் போயிருக்க வேண்டும், டாக்டரிடம். அதை யாரும் உனக்கு எழுதியிருக்க மாட்டார்கள் என்பதால் நான் எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. மூன்றாவது மாடிக்கு நானே கொண்டுவருகிறேன், நீ கேட்ட 19ஆம் தேதிக் கடிதத்தையும் சேர்த்து. மாமாவும் வருகிறார். நீ இதைப் படிக்கும்போது எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். யார் என்று கேட்க வேண்டியிருந்தால் கேள். எத்தனை முறை கேட்டாலும் சொல்கிறேன்.

ஒரு முறை படி. மடித்து வை. இருபது நிமிடம் தேநீர் குடிப்போம். வேறு எதையாவது பேசுவோம், வேண்டுமானால் பால் பவுடரைப் பற்றியே. பிறகு இதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்பேன். நான்கு வந்தாலும் சரி, ஒன்றுமே வராவிட்டாலும் சரி, புது நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன், தேதி போட்டு எழுதிக்கொள்வேன். நடிக்காமல் சொல். முள் இன்று எங்கே நிற்கிறதோ, அதுதான் இனி நமக்குப் பூஜ்யம்.

அக்கா